'சாப்' என்ற சொல்லின் குடித்தனங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு மாணவர் இணைப்பில் சென்ற வாரம் வெளிவந்த ஆங்கிலச் சொற்கள் பற்றிய பக்கத்தைக் குறித்து இக்கடிதத்தை எழுதுகிறேன். 'சாப்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு 'வெட்டு' என்பதே மூலப்பொருள் என்றும், வெட்டிய இறைச்சித் துண்டு 'மட்டன் சாப்ஸ்' ஆனது போலவே, காய்கறிகளை வெட்டிப் போடுவதால் 'சாப்ஸி' என்ற கலவை உணவும், மூங்கிலை வெட்டிச் செய்வதால் சீனர் உணவை எடுத்துண்ணும் குச்சியான 'சாப்ஸ்டிக்'கும், கட்டையில் எழுத்தை வெட்டிச் செதுக்குவதால் முத்திரையைக் குறிக்கும் 'சாப்'பும் வந்தன என்றும் அப்பக்கம் கூறுகிறது. அதன் அடியில், 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் நம் 'காசு' என்பதிலிருந்து பிறந்தது என்று கட்டமிட்ட செய்தி ஒன்றும் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி அப்பக்கத்தைக் கத்தரித்துத் தன் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறாள். அவளுடைய வகுப்பறை அறிவிப்புப் பலகையிலும் அது குத்தி வைக்கப்பட்டிருப்பதாகச் சொல்கிறாள். அப்பக்கத்தில் 'சாப்' பற்றிக் கூறியவற்றுள் மட்டன் சாப்ஸ் ஒன்றுதான் சரி. மற்ற மூன்றும் தவறு. 'கேஷ்' பற்றிய செய்தியில் உண்மை உண்டு, ஆனால் அது தவறான சொல்லின் மீது ஏற்றப்பட்டிருக்கிறது.

நான் மொழியறிஞன் அல்லன். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சி அலுவலகத்தில் முப்பத்தேழு ஆண்டுகள் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து விடுவித்து உரியவரிடம் சேர்ப்பதே எங்கள் வேலை. காலையில் பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து சைக்கிளில் புறப்பட்டு, தம்புச் செட்டித் தெருவில் கையெழுத்து வாங்கி, ராஜாஜி சாலைச் சுங்க அலுவலகத்தில் வரிசையில் நின்று, மாலையில் துறைமுகக் கிடங்கில் பெட்டிகளை எண்ணி முடிப்பதற்குள் பல நாட்டுக் காகிதங்கள் என் கைவழியே போகும். அப்படிப் போன ஒரு காகிதத்தால்தான் 'சாப்' என்ற சொல் என் மனத்தில் முள்ளாய்த் தைத்தது.

1980களின் நடுவில் அது நடந்தது. சிங்கப்பூரிலிருந்து சரக்கு அனுப்பிய நிறுவனம் ஒன்று, ஒப்புதல் படிவத்தை அனுப்பி, 'கீழே கையெழுத்திட்டுச் சாப் செய்து திருப்பி அனுப்புக' என்று ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதியிருந்தது. படிவத்தின் அடியில் துளையிட்ட கோட்டுக்குக் கீழே ஒரு துண்டுச் சீட்டும் இருந்தது. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த இளைஞர் ஒருவர், அகராதியைப் புரட்டிப் பார்த்து, 'சாப்' என்றால் வெட்டு என்று கண்டு, அந்தச் சீட்டை ஒழுங்காக வெட்டி, அதில் முதலாளியின் கையெழுத்தை வாங்கி, அதை மட்டும் தபாலில் சேர்க்க என்னிடம் தந்தார். உடன்செல்ல வேண்டிய கடிதத்தைத் தட்டச்சு செய்தவன் நான். எனக்கும் அதில் தவறேதும் தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து, நிறுவன முத்திரை எங்கே என்று கேட்டு அந்தச் சீட்டு திரும்பி வந்தது. அதற்குள் சரக்கு கிடங்கிலேயே கிடந்து டெமரேஜ் என்னும் தாமதக் கட்டணம் ஏறிவிட்டிருந்தது. முதலாளி அந்த இளைஞரின் சம்பளத்தில் பாதியை இரண்டு மாதம் பிடித்துக்கொண்டார். அகராதி சொன்னதைச் செய்தவருக்குத் தண்டனையும், அதே காகிதத்தைப் பார்த்து அனுப்பிய எனக்கு ஒன்றுமில்லாமையும் நியாயமல்ல என்று அன்று எழுந்து சொல்லாமல் போனேன். அந்த மனக்குறை இன்றும் எனக்கு உண்டு.

சொல்லின் உண்மையான பொருளை எங்களுக்கு விளக்கியவர், சௌகார்பேட்டையில் காகித மொத்த வியாபாரம் செய்துவந்த வாடிக்கையாளர் ஒருவர். செய்தியைக் கேட்டதும் அவர் தம் கடையில் அடுக்கியிருந்த கட்டு ஒன்றைக் காட்டினார். அதன் மேலுறையில் யானைப் படமும், அதன்கீழ் இந்தி எழுத்தில் 'ஹாத்தி சாப்' என்ற சொற்களும் அச்சிட்டிருந்தன. நாம் 'யானை மார்க்' என்று சொல்வதை அவர்கள் 'யானைச் சாப்' என்கிறார்கள். இந்தியில் 'சாப்' என்றால் பதித்த அடையாளம், முத்திரை. அச்சுக்கூடத்துக்கு அம்மொழியில் 'சாப்பாகானா' என்றே பெயர். சிங்கப்பூர்க்காரர் கேட்டது இந்தச் சாப்பைத்தான். வெட்டுவதற்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை.

வட இந்தியச் சொல் ஒன்று சிங்கப்பூர் அலுவலகக் கடிதத்தில் எப்படி ஏறியது என்பதற்கான விடை, எங்கள் துறைமுகத்தைப் போன்ற துறைமுகங்களின் வரலாற்றில் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியக் கரைகளில் வணிகம் செய்ய வந்த ஆங்கிலேயர், அரசு அதிகாரிகள் வழங்கிய முத்திரையிட்ட அனுமதிச் சீட்டை இங்குள்ளவர் சொன்னபடியே 'சாப்' என்று எழுதிக்கொண்டனர். அதே சொல் மலாய் மொழியிலும் முத்திரைக்கும் வணிக அடையாளத்துக்கும் வழங்குகிறது. இந்தியாவில் சரக்கேற்றிய கப்பல்கள் மலாக்கா வழியாகச் சீனத்துக்குப் போனபோது இச்சொல்லும் உடன் போயிற்று. 1757 முதல் 1842 வரை சீனத்தில் மேலைநாட்டார் வணிகம் செய்ய இசைவு பெற்றிருந்த ஒரே துறைமுகம் கான்டன். அங்கே கப்பல் கரையை விட்டுப் புறப்படுவதற்கான இறுதி அனுமதிக்குப் 'பெருஞ்சாப்' என்ற பொருளிலேயே ஆங்கிலேயர் பெயரிட்டிருந்தனர். ஒரே முத்திரையிட்ட தேயிலைப் பெட்டிகளின் தொகுதிக்கும் சாப் என்று பெயர். உயர்ந்த தரத்தை 'முதல் சாப்' என்று சொல்லும் வழக்கும் அந்நாளைய ஆங்கிலத்தில் இருந்தது.

இங்கே ஒரு நுணுக்கத்தைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. லண்டனில் 'சாப் ஹவுஸ்' என்றால் இறைச்சித் துண்டுகளைச் சுட்டுப் பரிமாறும் உணவகம். கான்டன் ஆற்றங்கரையில் அதே 'சாப் ஹவுஸ்' என்றால் முத்திரையிடும் சுங்கச் சாவடி. இரண்டையும் ஒரே ஆங்கில மாலுமி ஒரே பயணத்தில் பார்த்திருக்கக்கூடும். எழுத்துக் கூட்டலில் ஓர் எழுத்தும் மாறாத இவ்விரு சொற்களையும் ஒரே வேரில் கொண்டுபோய்க் கட்டினால், சுங்கச் சாவடியில் எதை வெட்டினார்கள் என்று நம் மாணவர் கேட்பார்கள். அதற்கு இணைப்பில் பதில் கிடையாது.

சாப்ஸ்டிக்கின் கதை முற்றிலும் வேறு. கான்டனில் சீனரும் ஆங்கிலேயரும் பேசிக்கொண்ட கலப்பு ஆங்கிலத்தில் 'சாப் சாப்' என்றால் 'சீக்கிரம் சீக்கிரம்'. அவசரத்தைக் குறிக்கும் 'கப்' என்ற கான்டனீஸ் சொல்லே அவ்வாறு திரிந்தது என்பது அகராதிகள் ஏற்கும் விளக்கம். உணவுக் குச்சிகளுக்குச் சீனத்தில் வழங்கும் 'குவாய்ஸு' என்ற பெயரிலும் விரைவைக் குறிக்கும் 'குவாய்' என்ற ஒலி இருப்பதால், ஆங்கில மாலுமிகள் அவற்றை 'விரைவுக் குச்சிகள்' என்ற கருத்தில் சாப்ஸ்டிக் என்றனர். 1699இல் வெளிவந்த தம் பயண நூலில் வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி, ஆங்கில மாலுமிகள் அவற்றை அப்படி அழைப்பதாகவே எழுதினார். அவர் 1690இல் நம் சென்னைக் கோட்டைக்கு வந்து சில மாதம் தங்கியவர். கடலிலிருந்து பார்க்கும்போது இவ்வூர் தரும் காட்சியின் அழகை வியந்து எழுதியவர்.

சீனத்தில் அக்குச்சிகளுக்குப் பழம்பெயர் 'ஜூ'. 'நின்றுபோ' என்ற பொருளுடைய இன்னொரு சொல்லும் அதே ஒலியில் இருந்ததால், படகு நடுவழியில் நிற்பதை விரும்பாத படகுக்காரர்கள் அதைச் சொல்ல அஞ்சி, 'விரைவு' என்ற நேர்மாறான பெயரை வைத்துக்கொண்டனர் என்று மிங் அரசர் காலத்துக் குறிப்பு ஒன்று கூறுகிறது. தமிழ் இலக்கணம் படித்த எவருக்கும் இது மங்கல வழக்கு என்று உடனே விளங்கும். விளக்கை அணைக்கச் சொல்லாமல் 'குளிர வை' என்று சொல்லும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். மூங்கிலை வெட்டிச் செய்ததால் அப்பெயர் என்று சொல்லிவிட்டால், நம் பிள்ளைகள் இவ்வளவு எளிதாக உணரக்கூடிய ஓர் உறவை அவர்களிடமிருந்து மறைத்தவர்கள் ஆகிறோம்.

சாப்ஸியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'சாப் சூய்' என்ற அதன் முழுப்பெயரில் உள்ள 'சாப்', கலந்தது என்று பொருள்படும் 'ஜாப்' என்ற கான்டனீஸ் சொல். அடுத்து வரும் 'சூய்' என்பது துண்டு துணுக்குகளைக் குறிப்பது. பலதும் கலந்த கறி என்பதே கருத்து. நம் வீட்டில் கதம்பம் என்போம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் குடியேறியிருந்த தென்சீனர் வழியாக ஆங்கிலத்தில் பரவிய பெயர் அது.

ஆக, ஆங்கில எழுத்தில் ஒன்றுபோல் தோன்றும் இந்தச் 'சாப்', எங்கள் பகுதியின் ஒண்டுக்குடித்தன வீட்டைப் போன்றது. வாசற்கதவு ஒன்று, கதவு எண்ணும் ஒன்று. உள்ளே இருப்பவர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து வந்த வெவ்வேறு குடும்பத்தார். முன்னறையில் பழைய ஆங்கிலேயக் குடும்பத்தின் 'வெட்டு'. அடுத்த அறையில் இந்தியின் 'முத்திரை'. பின்கட்டில் கான்டனீஸின் 'விரைவு'ம் 'கலப்பு'ம். நல்ல அகராதிகள் இவற்றுக்குத் தனித்தனி எண்ணிட்டுத் தனித்தனித் தலைச்சொல்லாகத் தருவது இதனால்தான். 1886இல் வெளிவந்த ஹாப்சன் ஜாப்சன் என்ற ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியிலும் முத்திரைச் சாப்புக்கும் விரைவுச் சாப்புக்கும் தனித்தனிப் பதிவுகள் உள்ளன. அதைத் தொகுத்த இருவருள் ஒருவரான பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர்.

தமிழிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைச் சொன்னால் மாணவர்களுக்கு இன்னும் தெளிவாகும். தேர்வில் 'பாஸ்' ஆனேன் என்கிறோம். எங்கள் தெருவில் இளைஞர்கள் ஒருவரையொருவர் 'பாஸ்' என்று அழைக்கிறார்கள். முன்னது தேர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பின்னது முதலாளியைக் குறிப்பது, டச்சு மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் இங்கே வந்தது. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன. தேர்வில் பாஸ் ஆனவரைத்தான் தமிழர் பாஸ் என்று மரியாதையாக அழைக்கிறார்கள் என்று வெளியூர்ச் செய்தித்தாள் ஒன்று எழுதினால் நாம் என்ன சொல்வோமோ, அதையே சாப்ஸ்டிக் விளக்கத்தைப் படிக்கும் சீனரும் சொல்வார்.

இனி, எனக்கு மிகவும் நெருக்கமான காசுக்கு வருகிறேன். அன்றாடம் நாம் 'கேஷ் கொடுங்கள்' என்று சொல்லும் ஆங்கிலச் சொல், பெட்டியைக் குறிக்கும் 'கப்ஸா' என்ற லத்தீன் சொல்லின் வழித்தோன்றல். இத்தாலியர் 'காஸா' என்றனர், பிரெஞ்சுக்காரர் 'கேஸ்' என்றனர். முதலில் பணப்பெட்டிக்கு வழங்கிய பெயர் பிறகு அதிலிருக்கும் பணத்துக்கு ஆயிற்று. காசாளரைக் குறிக்கும் 'கேஷியர்' என்பதும் அக்குடும்பமே. நம் காசுக்கு அங்கே இடமில்லை.

ஆனால் ஆங்கிலத்தில் இரண்டாவது 'கேஷ்' ஒன்று இருக்கிறது. அது முழுக்க முழுக்க நம்முடையது. சிறு செப்புக்காசைக் குறிக்கும் அச்சொல், தமிழ்க் 'காசு' போர்த்துகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. போர்த்துகீசிய மொழியில் பெட்டிக்கும் 'காய்ஷா' என்பதே பெயராதலால், பெட்டியும் காசும் அங்கேயே ஒலியில் ஒன்றுபட்டுவிட்டன. சென்னையில் 1818க்கு முன் வழங்கிய கணக்குப்படி 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'நட்சத்திர வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். கிழக்கிந்தியக் கம்பெனி நம் மாகாணத்துக்காக 1803இலும் 1808இலும் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சோஹோ நாணயச்சாலையில் அடித்த செப்பு நாணயங்களில் 'கேஷ்' என்றே பொறித்திருந்தது. அந்நாணயங்களை ஏற்றிப் புறப்பட்ட 'அட்மிரல் கார்ட்னர்' என்ற கப்பல் 1809 ஜனவரியில் ஆங்கிலக் கரையோரத்து குட்வின் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. தமிழ்ச் சொல் பொறித்த அந்தக் காசுகளைப் பின்னாளில் கடலடியிலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஞாயிறு இணைப்பில் படத்தோடு போடத் தகுந்த செய்தி இதுவே என்பது என் எண்ணம்.

காசு என்ற நம் சொல்லின் பழமைக்கு வெளிநாட்டுச் சான்று தேவையில்லை. 7ஆம் நூற்றாண்டில் திருவீழிமிழலையில் 'வாசி தீரவே காசு நல்குவீர்' என்று சம்பந்தர் பாடினார். வெண்பாவின் ஈற்றுச்சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு சொல்லிப் பள்ளியில் படித்தவர்கள் நாம். அதே காசுக்குக் குற்றம் என்ற பொருளும் உண்டு. தம் காப்பியத் தலைவனின் வெற்றியைக் 'காசு இல் கொற்றம்' என்று கம்பர் சொன்னது, குற்றமற்ற வெற்றி என்ற பொருளில்தான். நாணயத்தையும் குற்றத்தையும் நாம் குழப்பிக்கொள்வதில்லை. அந்தக் கவனத்தை ஆங்கிலச் சொற்களிடத்தும் காட்டுவது கடினமன்று.

சீனத்தில் நடுவே சதுரத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைத்த செப்பு நாணயங்களுக்கும் ஆங்கிலேயர் 'கேஷ்' என்றே பெயரிட்டனர். சீனர் தம் மொழியில் அப்படி அழைத்ததில்லை. நம் கரையில் கற்ற சொல்லை மாலுமிகள் அங்கே கொண்டுபோய் ஒட்டினார்கள். முத்திரைக்கு இந்திச் சொல், நாணயத்துக்குத் தமிழ்ச் சொல் என்றபடி, அரிசிக் கஞ்சிக்கும் தமிழ்ச் சொல்லே போயிற்று. இன்று ஹாங்காங்கில் ஆங்கில உணவுப் பட்டியலில் 'காஞ்சி' என்று இருப்பது நம் கஞ்சிதான். 1782இல் பஞ்சத்தில் வந்தவர்களுக்குக் கஞ்சி வார்க்கத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம் எங்கள் பகுதியில் இருக்கிறது. ஸ்டான்லி மருத்துவமனையைக் 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி' என்று சொன்ன பெரியவர்களை நான் அறிவேன். அதே ஹாங்காங்கில் வாகன நிறுத்தத்துக் கட்டணம் வாங்கும் இடத்துக்கு 'ஷ்ராஃப்' என்று பெயர். நாணயத்தை நோட்டம் பார்த்து மாற்றிக் கொடுத்த நம் சராப்புக் கடைக்காரரின் பெயர் அது. இக்கரையிலிருந்து அக்கரைக்குப் போன இந்த வழியை அறியாமல், 'சாப்' என்றால் வெட்டு என்று ஒரே வரியில் முடித்துவிடுவது எனக்குப் பெரிய இழப்பாகத் தோன்றுகிறது.

தமிழுக்குப் பெருமை சேர்க்கும் விருப்பத்தோடுதான் 'கேஷ்' பற்றிய செய்தி வெளியிடப்பட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை. அவ்விருப்பம் எனக்கும் உண்டு. ஆயினும், என் பேத்தி நாளை ஒரு போட்டி மேடையில் அதைச் சொல்லி, நடுவர் லத்தீன் மூலத்தை எடுத்துக்காட்டி அவளை மறுத்தால், அவள் அதன்பின் கஞ்சியைப் பற்றியும் செப்புக்காசைப் பற்றியும் சொல்லக்கூடிய உண்மைகளையும் அந்த அவையில் யாரும் நம்பமாட்டார்கள். நமக்கு உரியதை உறுதியாகக் கேட்பதற்கு, நமக்கு உரியதல்லாததை விட்டுக்கொடுக்கும் நேர்மை முதலில் வேண்டும். எங்கள் மின்ட் பேருந்து நிலையத்தின் பெயர் நாணயச்சாலையால் வந்தது. புதினாவைக் குறிக்கும் 'மின்ட்' வேறு சொல். தங்கசாலைத் தெருவில் வளர்ந்த பிள்ளைகளுக்கு இது எவரும் சொல்லித்தர வேண்டிய செய்தியன்று.

ஆகவே, அடுத்த ஞாயிறு இணைப்பில் அதே பக்கத்தில், அதே அளவில், 'சாப்' என்பது வெட்டு, முத்திரை, விரைவு, கலப்பு என்ற நான்கு வெவ்வேறு சொற்களின் ஒரே ஆங்கில வடிவம் என்றும், 'கேஷ்' என்பது பெட்டியிலிருந்து வந்த சொல் ஒன்றும் நம் காசிலிருந்து வந்த சொல் ஒன்றுமாக இரண்டு என்றும் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். மூலையில் இரண்டு வரித் திருத்தமாக வந்தால் மாணவர் கண்ணில் படாது. முழு அளவில் வந்தால், வகுப்பறைப் பலகையில் குத்தியிருக்கும் பழைய பக்கத்தின் மேல் அதைக் குத்தி வைக்கும்படி தன் ஆசிரியையிடம் கொடுப்பதாக என் பேத்தி சொல்லியிருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சரக்கு விடுவிப்பு அலுவலக எழுத்தர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை.